டிக்கெட் ஒரு நிறுவனம், விமானம் வேறொரு நிறுவனம்

ஒரு நிறுவனம் டிக்கெட் விற்க, வேறொரு நிறுவனம் விமானத்தை ஓட்டும் ஏற்பாட்டுக்குக் கோட்ஷேர் என்று பெயர். பெரிய விமான நிறுவனங்கள் எல்லா ஊர்களுக்கும் தாமே பறப்பதில்லை. சிறிய நகரங்களை இணைக்கும் வேலையைக் குறைந்த கட்டணத் துணை நிறுவனத்திடமோ, ஒப்பந்தம் போட்ட கூட்டாளி நிறுவனத்திடமோ விட்டுவிடுகின்றன. தென்தமிழ்நாட்டிலிருந்து வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் போகிறவர்களில் பலர் இத்தகைய விமானங்களில்தான் ஏறுகிறார்கள். நேரத்துக்குப் புறப்பட்டுவிட்டால் இந்த வேறுபாடு பயணியின் கண்ணில் படுவதே இல்லை. ஆறு மணி நேரம், பத்து மணி நேரம் என்று தாமதம் நீளும்போதுதான் கேள்விகள் எழுகின்றன. சாப்பாடு தர வேண்டியது யார்? இரவு தங்க இடம் கொடுப்பது யார்? தவறிப்போன அடுத்த விமானத்துக்குப் பொறுப்பு யார்?

இவற்றுக்கெல்லாம் விதிகளில் பதில் இருக்கிறது. அந்தப் பதில் பயணிக்குச் சாதகமாக அமையுமா என்பது பெரும்பாலும் விமான நிலையத்தில் முடிவாவதில்லை. டிக்கெட் எடுக்கும் நாளிலேயே முடிவாகிவிடுகிறது.

ஊருக்கு எட்டும் விமான நிலையங்கள்

சங்கரன்கோவிலை எடுத்துக்கொள்வோம். அங்கே விமான நிலையம் கிடையாது. 2019 நவம்பரில் திருநெல்வேலியிலிருந்து பிரிந்த அதன் மாவட்டமான தென்காசியில் எங்குமே பயணிகள் விமான நிலையம் இல்லை. விசைத்தறித் துணி வியாபாரத்துக்காக வெளியூர் போகிறவர், வளைகுடாவில் வேலை பார்க்கிறவர், ஆடித்தபசுத் திருவிழாவுக்குக் குடும்பத்தோடு ஊர் திரும்புகிறவர் என யாராக இருந்தாலும், முதலில் சாலையிலோ ரயிலிலோ ஒரு பயணத்தை முடித்தாக வேண்டும். இந்த ஊர்க்காரரின் விமானப் பயணம் தொடக்கத்திலேயே இரண்டு கட்டப் பயணம். வழியில் விமானம் மாறினால் மூன்று கட்டம்.

மிக அருகில் இருப்பது தூத்துக்குடி விமான நிலையம். திருநெல்வேலி–தூத்துக்குடி நெடுஞ்சாலையில் வாகைகுளத்தில் அமைந்த இது, சங்கரன்கோவிலிலிருந்து சுமார் 90 கிலோமீட்டர். 1,350 மீட்டராக இருந்த ஓடுபாதை 3,115 மீட்டராக நீட்டப்பட்டு, 17,340 சதுர மீட்டர் பரப்பில் புதிய முனையமும் கட்டப்பட்டு, 2025 ஜூலை 26 அன்று திறந்துவைக்கப்பட்டது. ஆனாலும் இங்கு நீண்ட காலமாக ஓடிவருபவை சென்னைக்கும் பெங்களூருவுக்கும் போகும் சிறிய ஏடிஆர் விமானங்கள். இண்டிகோவின் ஏடிஆர் ஒன்றில் 78 இருக்கைகள். நாளொன்றுக்குச் சில சேவைகளே இருப்பதால், ஒன்று ரத்தானால் அதன் பயணிகள் அனைவருக்கும் அடுத்ததில் இடம் கிடைப்பது அரிது.

மதுரை விமான நிலையம் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாகச் சுமார் 120 கிலோமீட்டர். கொழும்பு, துபாய், சிங்கப்பூர் ஆகிய நகரங்களுக்கு இங்கிருந்து நேரடிச் சேவைகள் இயங்கிவந்துள்ளன. தென்காசி, செங்கோட்டை, ஆரியங்காவு வழியாக மலையைக் கடந்தால் சுமார் 150 கிலோமீட்டரில் திருவனந்தபுரம். ஏர் இந்தியா எக்ஸ்பிரஸின் முதல் விமானம் 2005 ஏப்ரல் 29 அன்று அங்கிருந்துதான் அபுதாபிக்குப் பறந்தது. தென்காசிப் பகுதியின் வளைகுடாப் பயணிகளுக்கு அது இன்றும் பழக்கமான வழி. நான்காவது வழி சென்னை. பொதிகை, சிலம்பு ரயில்களில் இரவு ஏறித் தாம்பரத்தில் இறங்கினால், புறநகர் ரயிலில் நான்காவது நிறுத்தம் திரிசூலம். எதிரிலேயே விமான நிலையம்.

இந்த நான்கு வழிகளில் எதைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பது தாமதத்தின் விளைவையும் தீர்மானிக்கிறது. நேரடி விமானம் தாமதமானால் இழப்பது சில மணி நேரம். மாறிப் போகும் பயணத்தில் முதல் விமானம் தாமதமானால் அடுத்த விமானமே கைவிட்டுப் போகலாம்.

மூன்று வகை டிக்கெட், மூன்று வகைப் பொறுப்பு

குறைந்த கட்டண நிறுவனங்கள் இரண்டு விதங்களில் பெரிய நிறுவனங்களோடு இணைந்திருக்கின்றன. சில ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் குழுமத்தின் ஸ்கூட், டாடா குழுமத்தின் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் ஆகியவை இந்த வகை. 2017 ஜூலையில் டைகர்ஏர் ஸ்கூட்டோடு இணைந்தது. பழைய ஏர்ஏசியா இந்தியா 2024 அக்டோபர் 1 முதல் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸில் கரைந்தது. வேறு சில, தனித்தனி நிறுவனங்களாக இருந்து ஒப்பந்தத்தால் சேர்ந்தவை. எமிரேட்ஸும் பிளைதுபாயும் 2017 முதல் ஒன்றன் டிக்கெட்டை மற்றொன்று விற்கின்றன. கத்தார் ஏர்வேஸ், டர்கிஷ் ஏர்லைன்ஸ் ஆகியவற்றுக்கும் இண்டிகோவுக்கும் இடையே இப்படியான ஏற்பாடு உண்டு.

பயணி வாங்கும் டிக்கெட்டோ மூன்று வகைப்படும். முதலாவது கோட்ஷேர். விமான எண் ஒரு நிறுவனத்தினுடையதாக இருக்கும். அதன் கீழே சிறிய எழுத்தில், இயக்குவது இன்ன நிறுவனம் என்று குறிப்பு இருக்கும். இரண்டாவது இன்டர்லைன். ஒவ்வொரு விமானமும் அதனதன் எண்ணிலேயே பறக்கும். ஆனால், எல்லாம் ஒரே டிக்கெட்டில் அடங்கும். பெட்டியும் பெரும்பாலும் கடைசி ஊர்வரை நேரே போய்விடும். மூன்றாவது, பயணியோ டிராவல்ஸ்காரரோ தனித்தனியாக இரண்டு டிக்கெட் எடுத்து ஒட்டுப்போடுவது. தூத்துக்குடியிலிருந்து சென்னைக்கு ஒன்று, சென்னையிலிருந்து கோலாலம்பூருக்கு இன்னொன்று என்பது இதற்கு உதாரணம்.

முதல் இரண்டிலும் முழுப் பயணமும் ஒரே ஒப்பந்தம். முதல் விமானத்தின் தாமதத்தால் இரண்டாவது தவறினால், மாற்று விமானம் ஏற்பாடு செய்வது நிறுவனத்தின் வேலை. மூன்றாவதில் இரண்டும் இரண்டு ஒப்பந்தங்கள். முதல் நிறுவனத்துக்கு இரண்டாவது டிக்கெட்டைப் பற்றிய கணக்கே இல்லை. இரண்டாவது நிறுவனத்தின் பதிவில் இந்தப் பயணி வராதவர், அவ்வளவுதான். பணமும் பெரும்பாலும் போய்விடும்.

மலிவாகத் தெரிகிறது என்பதற்காகவே பலர் மூன்றாவது வழியை எடுக்கிறார்கள். இரண்டு டிக்கெட்டின் கூட்டுத்தொகை ஒரே டிக்கெட்டைவிட ஓரிரு ஆயிரம் குறைவாக இருக்கும். தாமதம் ஏற்படும் நாளில், அந்த ஓரிரு ஆயிரத்துக்காகப் பல மடங்கு தொகையைப் பணயம் வைத்தது தெரியவரும். விசா சிக்கலும் உண்டு. தனி டிக்கெட்டில் சிங்கப்பூரில் விமானம் மாறுகிறவர் குடிநுழைவைக் கடந்து வெளியே வந்து பெட்டியை எடுத்து மறுபடி செக்-இன் செய்ய வேண்டியிருந்தால், அதற்குச் சிங்கப்பூர் விசா வேண்டும். கோலாலம்பூரில் ஏர்ஏசியா இறங்குவது இரண்டாம் முனையத்தில். மலேசியா ஏர்லைன்ஸ் புறப்படுவது முதல் முனையத்தில். ஒரே டிக்கெட்டிலும் முனையம் மாற வேண்டியிருக்கலாம். துபாயில் எமிரேட்ஸ் மூன்றாம் முனையத்திலும் பிளைதுபாய் பெரும்பாலும் இரண்டாம் முனையத்திலும் இயங்குவதால், இடையில் பேருந்தில் போக வேண்டியிருக்கும். அங்கே ஒரே டிக்கெட் இருப்பவரை நிறுவனமே கொண்டுசேர்க்கும்.

தாமதம் எப்படிப் பெருகுகிறது

குறைந்த கட்டண நிறுவனத்தின் பொருளாதாரம், விமானம் தரையில் நிற்காமல் இருப்பதில் அடங்கியிருக்கிறது. இறங்கிய விமானம் அரை மணி நேர அளவில் அடுத்த ஊருக்குக் கிளம்பியாக வேண்டும். ஒரே விமானம் காலை முதல் இரவுவரை ஆறு, ஏழு முறை ஏறி இறங்கும். காலையில் எங்கோ ஒரு மணி நேரம் தாமதமானால், அதை ஈடுகட்ட நடுவில் இடைவெளி இல்லை. மாலையில் மதுரையில் நிற்கும் பயணி, காலையில் வடக்கே விழுந்த பனிமூட்டத்துக்காகக் காத்திருக்க நேர்வது இதனால்தான். உள்ளூர் வானம் தெளிவாக இருக்கும்போது விமானம் ஏன் வரவில்லை என்ற கேள்விக்கு விடை இந்தச் சங்கிலியில் இருக்கிறது.

அடுத்த காரணம் பணிநேர வரம்பு. விமானிகளும் பணிக்குழுவினரும் தொடர்ந்து இவ்வளவு மணி நேரம்தான் வேலை செய்யலாம் என்று சட்டம் வரம்பு வைத்திருக்கிறது. இது பயணியின் உயிருக்கான பாதுகாப்பு. தாமதம் நீண்டு அந்த வரம்பைத் தொட்டுவிட்டால் வேறு குழு வந்தாக வேண்டும். சிறிய நிலையங்களில் மாற்றுக் குழுவோ உபரி விமானமோ இருப்பதில்லை. இரண்டு மணி நேரத் தாமதம் சட்டென்று பத்து மணி நேரமாவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

அண்மை ஆண்டுகளின் பெரிய குழப்பங்களில் இது வெளிப்படையாகத் தெரிந்தது. 2024 மே மாதம் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் பணிக்குழுவினர் ஒரே நேரத்தில் மருத்துவ விடுப்பு எடுத்ததில் நூற்றுக்கும் மேற்பட்ட விமானங்கள் ரத்தாகி, கேரள நிலையங்களிலிருந்து வளைகுடா கிளம்பியவர்கள் பெரிதும் தவித்தார்கள். 2025 டிசம்பர் முதல் வாரத்தில், புதிய பணிநேர விதிகளுக்கு ஏற்ற எண்ணிக்கையில் விமானிகளை இண்டிகோ திட்டமிடாததால் நாடு முழுவதும் சேவை நிலைகுலைந்தது. டிசம்பர் 5 அன்று ஒரே நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட விமானங்கள் ரத்தாயின. மறுநாள் அரசு கட்டணங்களுக்கு உச்சவரம்பு விதிக்க வேண்டிவந்தது.

இயற்கையும் தன் பங்கைச் செய்கிறது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென் மாவட்டங்களைப் புரட்டிப்போட்ட மழையில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் பதிவானது. விமானங்கள் ரத்தாயின; சாலைகள் துண்டிக்கப்பட்டன; ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலே நடுவழியில் நின்றது. வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர் முதல் டிசம்பர்வரை பயணம் வைப்பவர் இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இந்திய விதிகள் தருவது என்ன

விமானத் தாமதம், ரத்து, இடமறுப்பு ஆகியவற்றுக்கான பயணியர் வசதிகளை சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம், அதாவது டிஜிசிஏ, வரையறுத்துள்ளது. 2010 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த இந்த விதிகள் பிறகு சில முறை திருத்தப்பட்டன.

உணவும் சிற்றுண்டியும் முதலில் வருவது. நேரத்துக்குச் செக்-இன் செய்த பயணிக்கு இவற்றை இலவசமாகத் தர வேண்டும். எத்தனை மணி நேரத் தாமதத்துக்கு என்பது பயண நேரத்தைப் பொறுத்தது. இரண்டரை மணி நேரம்வரை பறக்கும் விமானம் 2 மணி நேரம் தாமதமானால் இந்த உரிமை தொடங்குகிறது. தூத்துக்குடி–சென்னை, மதுரை–பெங்களூரு போன்றவை இதில் அடங்கும். இரண்டரை முதல் ஐந்து மணி நேரம்வரை பறப்பதற்கு 3 மணி நேரம். தென்னிந்தியாவிலிருந்து வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் போகும் விமானங்கள் பெரும்பாலும் இதில் வரும். மற்றவற்றுக்கு 4 மணி நேரம்.

அடுத்தது 6 மணி நேர எல்லை. உள்நாட்டு விமானம் 6 மணி நேரத்துக்கு மேல் தாமதமாகும் என்றால், ஆறு மணி நேரத்துக்குள் புறப்படும் மாற்று விமானத்தையோ முழுப் பணத்தையோ நிறுவனம் தர வேண்டும். எது வேண்டும் என்று தேர்ந்தெடுப்பவர் பயணி.

மூன்றாவது, தங்குமிடம். தாமதம் 24 மணி நேரத்தைத் தாண்டினால் ஓட்டல் அறையும் போய்வர வாகனமும் இலவசம். இரவு 8 மணியிலிருந்து அதிகாலை 3 மணிக்குள் புறப்பட வேண்டிய விமானமாக இருந்தால், 6 மணி நேரத்துக்கு மேல் தாமதமானாலே இந்த உரிமை வந்துவிடும். வளைகுடா விமானங்கள் பல இந்த நேரத்தில் புறப்படுபவை என்பதால், இதை அறிந்திருப்பது பயன் தரும்.

ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். வெறும் தாமதத்துக்கு இந்திய விதிகள் ரொக்க இழப்பீடு தருவதில்லை. ரொக்கம் கிடைப்பது, உரிய முன்னறிவிப்பில்லாமல் விமானம் ரத்தானாலும், இடம் உறுதியான பயணியை ஏற்ற மறுத்தாலும்தான். ரத்துக்கு, ஒரு மணி நேரம்வரையான பயணத்துக்கு 5,000 ரூபாய், இரண்டு மணி நேரம்வரை 7,500, அதற்கு மேல் 10,000 என்பது உச்சம். இந்தத் தொகை அல்லது ஒருவழி அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை, இரண்டில் எது குறைவோ அது கிடைக்கும். இடமறுப்பில், 24 மணி நேரத்துக்குள் மாற்று விமானம் தந்தால் அந்தக் கட்டணத்தின் இரு மடங்கு, உச்சம் 10,000 ரூபாய். அதற்கும் மேல் ஆனால் நான்கு மடங்கு, உச்சம் 20,000 ரூபாய். ஒரு மணி நேரத்துக்குள் வேறு விமானத்தில் ஏற்றிவிட்டால் இழப்பீடு இல்லை. வானிலை, விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாடு, பாதுகாப்பு அச்சுறுத்தல், வேலைநிறுத்தம் போன்று நிறுவனத்தின் கையை மீறிய காரணங்களுக்கும் இழப்பீட்டுப் பொறுப்பு இல்லை.

இந்த விதிகளில் சிற்றூர்ப் பயணிகளைப் பாதிக்கும் ஒரு வரி இருக்கிறது. முன்பதிவின்போது சரியான தொடர்பு விவரம் தராதவருக்கு, ரத்துக்கான ரொக்க இழப்பீடு கிடையாது. டிராவல்ஸ் கடையில் டிக்கெட் எடுக்கும்போது பல இடங்களில் கடைக்காரர் தன் செல்பேசி எண்ணையும் மின்னஞ்சலையுமே பதிவுசெய்துவிடுகிறார். விமானம் மாறிய செய்தி நள்ளிரவில் கடைக்காரரின் போனுக்குப் போகிறது. பயணியோ வாடகை வண்டி பிடித்து மதுரைக்கு வந்து நிற்கிறார். நிறுவனத்தின் பதிவேட்டில் அவருக்குத் தகவல் சொல்லியாகிவிட்டது.

பணம் திரும்புவதிலும் ஒரு பாதுகாப்பு உண்டு. முகவர் வழியாக டிக்கெட் வாங்கியிருந்தாலும் பணத்தைத் திருப்பித் தரும் பொறுப்பு விமான நிறுவனத்துடையது. பணத்துக்குப் பதில் பயண வவுச்சரோ கிரெடிட்டோ தருவதென்றால் பயணி ஒப்புக்கொள்ள வேண்டும். அதைக் கட்டாயப்படுத்த முடியாது.

எல்லை தாண்டும் பயணத்துக்கு

பன்னாட்டுப் பயணத்தில் கூட்டாளி நிறுவனங்களின் பொறுப்பைத் தெளிவாகப் பேசுவது 1999ஆம் ஆண்டின் மான்ட்ரியல் ஒப்பந்தம். இந்தியாவில் இது 2009 ஜூன் 30 முதல் நடப்பில் உள்ளது. சிங்கப்பூர், மலேசியா, ஐக்கிய அரபு அமீரகம், இலங்கை ஆகியவையும் இதில் உறுப்பு நாடுகள். டிக்கெட் விற்ற நிறுவனத்தை இது ஒப்பந்த நிறுவனம் என்றும், விமானத்தை ஓட்டிய நிறுவனத்தை நடப்பு நிறுவனம் என்றும் பிரிக்கிறது. ஒப்பந்த நிறுவனத்துக்கு முழுப் பயணத்துக்கும் பொறுப்பு உண்டு. நடப்பு நிறுவனத்துக்குத் தான் ஓட்டிய பகுதிக்குப் பொறுப்பு. பயணி இருவரில் யாரிடமும் முறையிடலாம்; ஒருவரிடம் தந்த புகார் மற்றவரிடம் தந்ததற்குச் சமம். “அது அவர்கள் விமானம், அங்கே போய்க் கேளுங்கள்” என்று கவுன்டரில் சொல்லப்படும் பதிலுக்கு இந்த ஒப்பந்தத்தில் இடம் இல்லை.

தாமதத்தால் ஏற்பட்ட இழப்புக்கு ஒரு பயணிக்கான உச்சவரம்பை இந்த ஒப்பந்தம் 2024 டிசம்பர் 28 முதல் 6,303 எஸ்டிஆர் என உயர்த்தியிருக்கிறது. எஸ்டிஆர் என்பது பன்னாட்டு நிதியத்தின் கணக்கு அலகு. ரூபாயில் இந்த உச்சவரம்பு ஏழு லட்சத்துக்கு மேல் வரும். இது தானாகக் கைக்கு வரும் தொகை அல்ல. தாமதத்தால் உண்மையில் செலவானதை ரசீதோடு காட்ட வேண்டும். தாமதத்தைத் தவிர்க்க நியாயமான எல்லா முயற்சியும் செய்ததாக நிறுவனம் நிரூபித்தால் பொறுப்பிலிருந்து விடுபடலாம். பெட்டி தாமதமாக வந்தால், அது கைக்கு வந்த 21 நாளுக்குள்ளும், சேதமாகியிருந்தால் 7 நாளுக்குள்ளும் எழுத்தில் புகார் தர வேண்டும். வழக்குக்கான காலவரம்பு இரண்டு ஆண்டு.

ஐரோப்பாவில் வாழும் தமிழர்களுக்கு இன்னும் வலுவான பாதுகாப்பு இருக்கிறது. 2005 பிப்ரவரி முதல் நடப்பிலுள்ள ஐரோப்பிய ஒன்றியத்தின் 261ஆம் எண் விதிப்படி, தூரத்தைப் பொறுத்து 250 முதல் 600 யூரோவரை ரொக்க இழப்பீடு உண்டு. சேருமிடத்தை மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமாக அடைந்தாலும் இது பொருந்தும் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2009இல் தீர்ப்பளித்தது. கோட்ஷேர் பற்றிய முக்கியமான தீர்ப்பு 2019 ஜூலை 11 அன்று வந்தது. செக் நாட்டு விமான நிறுவனத்திடம் டிக்கெட் வாங்கியவர்கள் பிராகிலிருந்து அபுதாபி வழியாக பாங்காக் போனார்கள். செக் நிறுவனம் ஓட்டிய முதல் விமானம் நேரத்துக்குச் சேர்ந்தது. எதிஹாத் ஓட்டிய இரண்டாவது விமானம் 488 நிமிடம் தாமதம். ஒரே முன்பதிவு என்பதால் முழுப் பயணமும் ஒன்றே என்றும், செக் நிறுவனமே இழப்பீடு தர வேண்டும் என்றும் நீதிமன்றம் கூறியது. பாரிஸிலிருந்து வளைகுடா வழியாக ஊர் வரும் குடும்பம் ஒரே முன்பதிவில் வந்தால், தாமதம் வளைகுடாவில் ஏற்பட்டாலும் இந்த விதி துணை நிற்கும். இரண்டு டிக்கெட்டாக எடுத்திருந்தால் நிற்காது.

டிக்கெட் எடுக்கும் நாளில்

முதல் வேலை, இயக்கும் நிறுவனத்தின் பெயரைப் பார்ப்பது. பெட்டியின் எடை அளவு, சாப்பாடு, செக்-இன் கவுன்டர், முனையம் எல்லாம் அதைப் பொறுத்தே அமையும். பெரிய நிறுவனத்தின் பெயரை நம்பி முப்பது கிலோவோடு வந்து, ஓட்டும் நிறுவனத்தின் கவுன்டரில் கூடுதல் கட்டணம் கட்டுகிறவர்கள் உண்டு. டிக்கெட்டில் அச்சான எடை அளவின் நகலைக் கையில் வைத்திருப்பது நல்லது.

இரண்டாவது, முழுப் பயணமும் ஒரே பி.என்.ஆர். எண்ணில், அதாவது ஒரே முன்பதிவு எண்ணில், இருக்கிறதா என்று முகவரிடம் நேராகக் கேட்பது. இரண்டு எண்கள் தந்தால், விமானம் தவறினால் பொறுப்பு யாருடையது என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

மூன்றாவது, தன் சொந்த செல்பேசி எண்ணைப் பதிவுசெய்யச் சொல்வது. வெளிநாட்டு எண்ணில் இருப்பவர், ஊரில் உள்ள குடும்பத்தாரின் எண்ணையும் சேர்க்கலாம். மின்னஞ்சல் முகவருடையதாக இருக்கக் கூடாது.

நான்காவது, நாளின் முதல் விமானத்தைத் தேர்ந்தெடுப்பது. இரவே வந்து நிற்கும் விமானம் காலையில் கிளம்பும்போது அதற்கு முந்தைய தாமதச் சங்கிலி இல்லை. அது ரத்தானாலும் அன்றைக்கு மாற்று தேட நேரம் இருக்கிறது. கடைசி விமானம் ரத்தானால் மறுநாள்தான்.

ஐந்தாவது, ரயிலுக்கும் விமானத்துக்கும் இடையே போதிய இடைவெளி விடுவது. இரவு ரயிலில் காலை தாம்பரம் சேர்கிறவர் பிற்பகலுக்குப் பிந்தைய விமானத்தை வைத்துக்கொள்வதே பாதுகாப்பு. பன்னாட்டுப் பயணம் என்றால் ஒரு நாள் முன்னதாகவே போய்விடுவது மேல். ரயில் தாமதத்தால் விமானம் தவறிய வழக்கொன்றில் 2021 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் ரயில்வேயைப் பொறுப்பாக்கியது. ஜம்முவுக்குச் சுமார் நான்கு மணி நேரம் தாமதமாக வந்த ரயிலால் ஸ்ரீநகர் விமானத்தைத் தவறவிட்ட பயணிக்கு 30,000 ரூபாய் தரச் சொன்ன உத்தரவு உறுதியானது. அந்தச் சம்பவம் நடந்தது 2016இல். நீதி கிடைத்தது, ஆனால் ஐந்து ஆண்டுகள் ஆயின.

ஆறாவது, கடைசி நாளுக்கு டிக்கெட் எடுக்காதிருப்பது. ஐக்கிய அரபு அமீரகத்துக்கு வெளியே தொடர்ந்து 180 நாளுக்கு மேல் இருந்தால் குடியிருப்பு விசா பொதுவாகச் செல்லாமல் போகும். விசாவுக்கோ வேலையில் சேர்வதற்கோ கெடு இருப்பவர், ஒரு ரத்தையும் அடுத்த விமானத்துக்கான காத்திருப்பையும் தாங்கும் அளவுக்கு நாட்களை ஒதுக்கிவைக்க வேண்டும்.

காத்திருக்கும் மணிகளில்

வீட்டைவிட்டுக் கிளம்பும் முன் விமானத்தின் நிலையைப் பார்த்துவிட வேண்டும். பார்க்க வேண்டிய இடம் இயக்கும் நிறுவனத்தின் இணையதளம் அல்லது செயலி. கோட்ஷேர் எண்ணைவிட இயக்கும் நிறுவனத்தின் எண்ணில் தேடினால் தகவல் விரைவாகப் புதுப்பிக்கப்பட்டிருக்கும். தாமதம் என்று தெரிந்தாலும், அறிவித்த நேரத்துக்குள் செக்-இன் முடித்துவிடுவது அவசியம். உணவு உரிமை நேரத்துக்குச் செக்-இன் செய்தவருக்கே உரியது. தாமதம் குறைக்கப்பட்டு விமானம் முன்னதாகக் கிளம்புவதும் நடக்கும்.

கைப்பையில் இருக்க வேண்டியவை சில. சர்க்கரை, இரத்த அழுத்த மருந்துகள் இரண்டு நாளுக்கு, மருத்துவர் சீட்டு, குழந்தைக்குப் பால் மாவு, ஒரு மாற்றுடை, செல்பேசி சார்ஜர், பவர் பேங்க். பவர் பேங்கைக் கைப்பையில்தான் கொண்டுபோக வேண்டும். செக்-இன் பெட்டியில் போடக் கூடாது. இன்சுலின் எடுப்பவர் அதைச் சரக்கறைக்குப் போகும் பெட்டியில் வைப்பது ஆபத்து. புளியோதரையோ இட்லியோ கட்டிக்கொண்டு போவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. விமான நிலையக் கடைகளின் விலை பலருக்குச் சுமைதான். சென்னை உள்நாட்டு முனையத்தில் 2025 பிப்ரவரியில் திறக்கப்பட்ட உடான் யாத்ரி கபேயில் தேநீரும் தண்ணீர் பாட்டிலும் தலா 10 ரூபாய்க்குத் தொடங்கப்பட்டன.

தாமத நேரத்தில் செய்ய வேண்டிய முதன்மையான வேலை ஆதாரம் சேர்ப்பது. அறிவிப்புப் பலகையைப் படம் எடுக்க வேண்டும். போர்டிங் பாஸைத் தூக்கிப் போடக் கூடாது. நிறுவனம் அனுப்பிய குறுஞ்செய்திகளை அழிக்கக் கூடாது. தாமதத்தின் காரணத்தையும் நேரத்தையும் குறிப்பிட்டு நிறுவனத்திடம் சான்று கேட்டு வாங்க வேண்டும். பயணக் காப்பீடு எடுத்தவருக்கு இந்தச் சான்று இல்லாமல் பணம் கிடைக்காது. கைக்காசு போட்டுச் சாப்பிட்டாலும் தங்கினாலும் ரசீது வாங்கிவைக்க வேண்டும்.

விமானத்தில் ஏற்றிய பிறகு தரையிலேயே நீண்ட நேரம் உட்காரவைக்கும் கொடுமையும் உண்டு. 2024 ஜனவரியின் பனிமூட்டக் குழப்பத்துக்குப் பிறகு, தாமதம் நீண்டால் பயணிகளைப் புறப்பாட்டு வாயில் வழியாகவே இறக்கி முனையத்துக்கு அழைத்துவர விமானப் பாதுகாப்பு அமைப்பு 2024 மார்ச்சில் வழி செய்தது. முதியவர், குழந்தை, நோயாளி இருந்தால் பணிக்குழுவிடம் இதை நினைவூட்டலாம். கவுன்டரில் இருக்கும் ஊழியரிடம் சத்தம் போடுவதால் விமானம் வராது. உரிமையைப் பெயர் சொல்லி, அமைதியாக, முடிந்தால் எழுத்தில் கேட்பதே பலன் தரும்.

முறையிடும் வழி

முதல் புகார் நிறுவனத்துக்கு. கோட்ஷேர் பயணம் என்றால் விற்ற நிறுவனம், ஓட்டிய நிறுவனம் இரண்டுக்கும் ஒரே மின்னஞ்சலில் அனுப்ப வேண்டும். பதில் திருப்தி தராவிட்டால், 2016இல் தொடங்கப்பட்ட விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் ஏர்சேவா தளத்தில் பதிவுசெய்யலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

அதற்கும் அடுத்த படி நுகர்வோர் ஆணையம். 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, தொலைவூர்ப் பயணிக்குப் பெரிய உதவி செய்திருக்கிறது. நிறுவனத்தின் தலைமையகம் எங்கே இருந்தாலும், புகார்தாரர் வசிக்கும் இடத்திலேயே வழக்குத் தொடரலாம். சங்கரன்கோவில்காரர் டெல்லிக்கோ மும்பைக்கோ அலைய வேண்டியதில்லை. செலுத்திய தொகை ஐந்து லட்சம் ரூபாய்வரை இருந்தால் கட்டணம் இல்லை. இணையம் வழியாகவும் மனு தரலாம். வழக்கறிஞர் வைத்துக்கொள்வது கட்டாயம் அல்ல. சம்பவம் நடந்த இரண்டு ஆண்டுக்குள் தொடர வேண்டும்.

மழையையும் பனிமூட்டத்தையும் யாராலும் தடுக்க முடியாது. ஆனால், தாமதத்தின் சுமை பயணியின் தலையில் மட்டும் விழாமல் தடுக்க முடியும். அதற்குத் தேவைப்படுபவை மூன்று: ஒரே பி.என்.ஆர்., சொந்த செல்பேசி எண், பத்திரப்படுத்திய ரசீது. டிராவல்ஸ் கடையில் பணத்தை எண்ணிக் கொடுக்கும் முன் முதல் இரண்டையும் கேட்டு உறுதிசெய்வதற்கு ஐந்து நிமிடம் போதும். அந்த ஐந்து நிமிடத்தை ஒவ்வொரு பயணியும் செலவிட வேண்டும். ஒவ்வொரு முகவரும் அதற்கு இடம் தர வேண்டும்.